அம்மன் சுனையும் தலைவர் வீட்டுப் பூட்டும்

ரிட்டாகோட்
பைசாக் 8, விக்ரம் சம்வத் 2054

என் தங்கை பெற்ற தெய்வம் துர்பதாவின் பாதங்களில் தாய்மாமன் லோக்ராஜ் போஹரா தலை வைத்து வணங்கி எழுதுவது. மருமகள் காலில் மாமன் விழுவது நம் மலைக்காரர் தர்மம். அதை நான் மற்ற மாமன்களைவிட ஒரு பிடி கூடுதலாகவே செய்கிறவன். இங்கே நானும் உன் அத்தை ருக்மாவும் எருமைகள் இரண்டும் சுகம். மாவட்டத் தலைநகர்ச் சுகாதார அலுவலகத்தில் ஊர் ஊராகத் தொண்டர் பெண்களுக்குப் பாடம் சொல்லும் செவிலியம்மா நீ. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பெரிய செய்தி ஒன்று. நம் ஊர் சுகாதாரக் குழுவுக்கு என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். வேண்டாம் என்று ஏழு தடவை சொன்னேன். எட்டாவது தடவைக்கு வாய் திறப்பதற்குள் மாலை விழுந்துவிட்டது. கூட்டத்தில் ஆயிரம் பேர். நம் ஊரில் இருப்பதே முந்நூறு பேர் என்று நீ சொல்வாய். பக்கத்து மலையிலிருந்தும் வந்திருந்தார்கள் என்று வைத்துக்கொள். நான்காம் வகுப்போடு நிறுத்தியவன் பேசுகிற பேச்சா இது என்று மேலதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் வீடு ஊருக்கு மாதிரியாக இருக்க வேண்டுமாம். திட்டக்காரர்கள் சிமெண்டுக் கக்கூஸ் ஒன்று கட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைப் பீங்கான், பச்சைத் தகரக் கதவு. வாயால் சொல்லவே கூசுகிறது தாயி. சோறு பொங்குகிற வீட்டுக்கு இருபது அடி தள்ளி நான்கு சுவருக்குள் குந்தி, போட்டதைப் பக்கத்திலேயே சேர்த்துவைத்துக்கொண்டு வாழ்வதா? சீ. பூனைகூடத் தூரப் போகிறது. பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். உள்ளே விதைக் கிழங்கு நாலு மூட்டை அடுக்கியிருக்கிறேன். குளிர்ச்சிக்கு நன்றாக இருக்கிறது. நான் வழக்கம்போல விடியலில் உத்தீஸ் மரத் தோப்புக்குப் போகிறேன். மேற்சரிவு ஆண்பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் இடம். அங்கே உட்கார்ந்தால் பனிமலை தெரியும், கழுகு தெரியும், நேர் கீழே அம்மன் சுனைக்குக் கீழ்ச்சரிவுப் பெண்கள் குடத்தோடு வருவது எறும்பு வரிசை போலத் தெரியும்.

வயிற்றைக் குமட்டுகிற விஷயமும் ஒன்று உண்டு. தாய்மார் குழு ஊர்ச் சுகாதாரத் தொண்டராகத் தேர்ந்தெடுத்தது யாரை என்கிறாய்? கீழ்ச்சரிவுத் தையல்காரன் பெண்டாட்டி ஜுனேலியை. மருந்துப் பெட்டி அவள் கையில். தீண்டாச் சாதிக்காரி தொட்ட மாத்திரையை நாம் நாக்கில் வைக்க வேண்டுமாம். நான் உன் அத்தை பெயரைச் சொன்னேன். உன் அத்தையே எழுந்து, எனக்கு எழுதத் தெரியாது, அவளுக்குத் தெரியும் என்று சொல்லி என் மூக்கை அறுத்துவிட்டாள். நீ ஓர் உத்தரவு எழுதி மாற்றிவிடு.

உன் பாத தூளி,
மாமன் லோக்ராஜ்


ஜேட் 2

மாமாவுக்கும் அத்தைக்கும் துர்பதாவின் ஆசியும் அன்பும். நான் சுகம். மாமன் மருமகளை வணங்க, மருமகள் மாமனை ஆசீர்வதிக்கும் இந்த வழக்கத்துக்கு எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். வழக்கத்தை விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

ஜுனேலியைத் தாய்மார்கள் தேர்ந்தெடுத்தார்கள். அதை நானோ நீங்களோ மாற்ற முடியாது. போன மாதம் இங்கே பயிற்சிக்கு வந்த நாற்பது பேரில் தராசில் குழந்தையை நிறுக்கத் தடுமாறாதவள் அவள் ஒருத்திதான்.

கிழங்கை வேறு இடத்தில் வையுங்கள் மாமா. தோப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மழைக்காலம் வருகிறது. தோப்புக்கு நேர் கீழே இருப்பது சுனை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் குடிப்பது மேற்சரிவுக் குழாய்த் தண்ணீர், கீழ்ச்சரிவுக்கு அந்தச் சுனை ஒன்றுதான். இதற்கு மேல் நான் எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

துர்பதா


அசார் 20

மருமகளின் பொற்பாதங்களில் மாமனின் வணக்கம். நாங்கள் சுகம். மழை வானத்தைக் கிழித்துக்கொண்டு கொட்டுகிறது. நேற்று மின்னல் என் குடைக் கம்பியில் இறங்கி மண்ணுக்குள் போனது, எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

தோப்பு விஷயத்துக்குச் சாவகாசமாகப் பதில் எழுதுகிறேன். அம்மன் கல் இருக்கிற சுனையில் எது விழுந்தாலும் அது தீர்த்தம்தான் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கீழ்ச்சரிவில் வீட்டுக்கு வீடு பேதி. தலைவர் என்கிற முறையில் போய்ப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே நின்றுதான். அந்த நாற்றத்தை எப்படி எழுதுவேன். பாயெல்லாம் ஈரம், ஈ மொய்த்துக் கறுத்துக் கிடக்கிறது; ஓர் ஈ என் உதட்டில் வந்து உட்கார்ந்தது. வீட்டுக்கு வந்து மூன்று தடவை பல் விளக்கினேன், பத்துத் தடவை என்றே வைத்துக்கொள். இவர்கள் சுபாவமே அசுத்தம்.

காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஜுனேலி ஒவ்வொரு வீட்டுப் பானையிலும் ஏதோ சொட்டு மருந்து விடுகிறாள். வெளுக்கப் போட்ட துணி மாதிரி நாறுகிறது. குடித்தால் பேதி வராமல் என்ன வரும்? முந்தாநாள், பதினெட்டாம் தேதி, நானே இறங்கிப் போய் மருந்துப் பெட்டியைப் பறிமுதல் செய்து கொண்டுவந்து, கக்கூஸில் கிழங்கு மூட்டை மேல் வைத்துப் பூட்டிவிட்டேன். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது.

மாமன்


அசார் 24

மாமா, பெட்டியை இந்தக் கடிதம் கண்டதும் ஜுனேலி கையில் கொடுங்கள். அதில் இருக்கும் உப்புக்கரைசல் பொட்டலம்தான் பேதி கண்ட குழந்தைக்கு உயிர். சொட்டு மருந்து நாங்கள் கொடுத்தனுப்பியது. தண்ணீரைச் சுத்தம் செய்ய. தோப்புக்கு யாரும் போகக் கூடாது. மழை அங்கே கிடப்பதையெல்லாம் கழுவிச் சுனைக்குள் இறக்குகிறது. தபால்காரர் உடனே கிளம்புகிறார். இரண்டு நாள் நடை.

துர்பதா


சாவுன் 11

மருமகளின் பாதங்களில் வணக்கம். உன் கடிதத்தில் சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை. உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன், அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உன் மேல் கோபம் போலிருக்கிறது.

பெட்டியைக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பூட்டியவனே ஒரு வாரத்தில் திறந்தால் தலைவர் பேச்சுக்கு என்ன மரியாதை? கூட்டம் போட்டு முறைப்படி கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன். இப்போது திறந்து பார்த்தால் பொட்டலங்கள் பாதிக்கு மேல் காணோம். எலி. தகரக் கதவுக்குள் எலி எப்படி வந்தது என்று தெரியவில்லை. இரவில் சாவியைத் தலையணைக்கு அடியில்தான் வைக்கிறேன்.

கீழ்ச்சரிவில் இப்போது பேதி தணிந்துவிட்டது. ஒரு குழந்தை தவறிவிட்டது. மழைக்காலம் என்றால் தவறுவதுதான்.

கூட்டத்தைச் சொல்கிறேன். ஜுனேலியை நீக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். அவள் தலையைக்கூட வாராமல் வந்து நின்றாள். வீட்டுக்கு வீடு பானையில் நீ விடுவது என்ன என்று அதட்டிக் கேட்டேன்.

"நான் விடுறது மருந்து, தலைவரே. மேலேர்ந்து வந்து விழுறது என்னன்னு நீங்கதான் சொல்லணும். தெனம் காலையில போறது நீங்க."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மேற்சரிவுக்காரர்களும் சேர்ந்துகொண்டதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. நான் விடுவேனா? சிங்கம் போல எழுந்தேன். தசைன் பண்டிகைக்கு என் மருமகள் வருகிறாள். இந்தச் சுனைத் தண்ணீரால் அவள் பாதத்தைக் கழுவி, நம் வழக்கப்படி அந்தத் தண்ணீரை உங்கள் எல்லார் கண் முன்னாலும் குடிப்பேன். குடித்தால் ஜுனேலி வெளியே, குடிக்காவிட்டால் தலைவர் வெளியே என்று சபதம் போட்டேன். மலையே அதிர்ந்தது. எதிர்ச்சரிவு நாய்கள் குரைத்தன.

ஆகவே பண்டிகைக்கு நீ கட்டாயம் வர வேண்டும்.

மாமன்


சாவுன் 29

மாமாவுக்கு. நான் சுகம். அத்தைக்கு என் மேல் கோபம் இருக்காது.

யாருடைய குழந்தை என்று நீங்கள் எழுதவில்லை.

இந்த மூட்டையில் பஞ்சில் சுற்றி ஆறு சிறு சீசாக்கள் அனுப்புகிறேன். உள்ளே ஒரு காகிதத் துண்டு இருக்கும், அதை எடுக்க வேண்டாம். மூன்றில் சுனைத் தண்ணீர், மூன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர். நீங்களே உங்கள் கையால் பிடியுங்கள், மூடி அடுப்படிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் வையுங்கள். தண்ணீர் கறுத்தால் அதில் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு அர்த்தம் கிடையாது.

துர்பதா


பதௌ 22

மருமகளின் மலர்ப் பாதங்களில் வணக்கம். சுகம் என்று எழுதத்தான் ஆசை.

சீசாக்கள் வந்தன. என்னைப்போல விஞ்ஞானம் தெரிந்தவன் இங்கே யார்? உள்ளூர் ஆட்களை நம்பாமல் நானே பிடித்தேன். குழாய்த் தண்ணீர் மூன்றும் கண்ணாடி மாதிரி இருக்கின்றன. சுனைத் தண்ணீர் மூன்றும் கறுத்துவிட்டன. காக்கையின் தொண்டை மாதிரிக் கறுப்பு. ஒன்றைத் திறந்தேன், திறந்திருக்கக் கூடாது. அழுகின முட்டை நாற்றம். மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் இறங்கவில்லை. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. அடுப்புப் புகையில் கறுத்திருக்கலாம் என்று பார்த்தேன். மற்ற மூன்றும் அதே அடுப்படியில்தான் இருந்தன.

இதை யாரிடமும் சொல்லவில்லை, சீசாக்களைப் புதைத்துவிட்டேன். அன்றிலிருந்து தோப்புக்குப் போனாலும் கீழே பார்க்காமல் உட்கார்கிறேன்.

இந்த வருஷம் பாதை மிகவும் மோசம் தாயி. இரண்டு பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒரு பாலம் என்று தபால்காரர் சொல்வார், அவர் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். நீ தசைனுக்குச் சிரமப்பட்டு வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால், பாலால் பாதம் கழுவுவது இன்னும் உயர்ந்தது என்று புரோகிதர் சொல்கிறார். உன் வார்த்தையாக ஒரு வரி எழுதிவிடு, கூட்டத்தில் படித்துக் காட்டிவிடுகிறேன்.

மாமன்


அசோஜ் 6

மாமாவுக்கு. பால் குழந்தைகளுக்கு இருக்கட்டும்.

நான் வருகிறேன். பாலம் ஒன்றுதான் போயிருக்கிறது, கயிறு கட்டிவிட்டார்கள் என்று தபால்காரர் சொன்னார். அவர் இன்னொன்றும் சொன்னார். தவறியது ஜுனேலியின் மகள். இரண்டு வயது. நீங்கள் எழுதாததற்குக் காரணம் இருக்கும் என்று நினைத்து நானும் அதற்கு மேல் கேட்காமல் விட்டிருந்தேன்.

சபதம் நீங்கள் போட்டது. சீசா கறுத்தது என்று ஊர் முன்னால் சொன்னால் குடிக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அது ஒன்றுதான். சொல்லாவிட்டால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன்.

துர்பதா


கார்த்திக் 5

மருமகளின் பாதங்களில் வணக்கம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணல் மாணலாக இருக்கும்.

தசைன் அன்று நீ பார்த்தாய். செம்பைத் தூக்கி உன் பாதத்தில் விட்டு, தாம்பாளத்தில் விழுந்ததைக் கையில் ஏந்தி மூன்று வாய் குடித்தேன். கை நடுங்கியதா? இல்லை. நீ காலைத் துடைத்துக்கொண்டு மறுநாள் விடியலில் கிளம்பிவிட்டாய். ஜுனேலி ஒதுங்கிப் போனாள். எனக்கு எட்டடி வளர்ந்த மாதிரி இருந்தது.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். உனக்கு மட்டும் சொல்கிறேன்: தசைன் அன்று விடியலிலேயே நான் அந்தச் செம்பில் மேற்சரிவுக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துப் பூஜையறையில் வைத்திருந்தேன். மூளை உள்ளவன் செய்கிற வேலை. இரண்டாம் நாள் இரவு வயிற்றுக்குள் யாரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கியது. தோப்புக்கு ஓடப் பார்த்தேன். வாசற்படி தாண்டுவதற்குள் போய்விட்டது. வேட்டி, கால், படி எல்லாம். அதைக் கையால் தொட்டேன். என்னுடையதுதானே என்று சகித்துக்கொள்ளப் பார்த்தால் முடியவில்லை தாயி, அதுவும் மலம்தான், அதே நாற்றம்தான். இன்னும் நகத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது.

உன் அத்தை என் கழுத்திலிருந்து சாவியைக் கழற்றிக் கக்கூஸைத் திறந்து, கிழங்கு மூட்டைகளை வெளியே உருட்டி என்னை உள்ளே தள்ளினாள். மூன்று நாள் அதற்குள்ளேதான் கிடந்தேன், முப்பது நாள் மாதிரி. கதவுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டு அவள் சொன்னாள்:

"ஒங்க கொழாத் தண்ணிய எருமைக்கு ஊத்திட்டேன். நீங்க குடிச்சது சொனத் தண்ணி. சபதம் போட்ட தண்ணி. பொட்டலத்த எடுத்து ஜுனேலிகிட்ட கொடுத்தது எலி இல்ல, நாந்தான். நீங்க கூட்டத்துக்குக் கெளம்பக் குளிக்கையில கழட்டி வெச்சீங்களே, அன்னிக்குத்தான் சாவி கெடச்சுது. அதுக்குள்ள அந்தப் புள்ள போயிருச்சு."

நாற்பது வருஷமாக எனக்குச் சோறு போட்டவள் எனக்கு இதைக் கொடுத்திருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் கோபமாகக்கூட இல்லை, அழுகின பழத்தைப் பார்க்கிற மாதிரிப் பார்க்கிறாள்.

ஜுனேலியும் வந்தாள். பொட்டலத்தைக் கொதித்து ஆறிய தண்ணீரில் கலக்கி, தம்ளரைக் கையில் கொடுத்தாள். குடித்தேன். மூன்று நாளும் வேளைக்கு வேளை வந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. தலைவர் வீட்டுக்கு வந்தால் சுகமா என்று கேட்க வேண்டாமா, மரியாதை தெரியாதவள்.

ஜுனேலியை நீக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஊரில் வேறு மாதிரிப் பேசிக்கொள்கிறார்கள். ஊருக்காகச் சுனையைச் சோதிக்க நஞ்சுண்ட சிவன் போல நான் தெரிந்தே குடித்தேனாம். நான் மறுக்கவில்லை.

மாமன்


கார்த்திக் 19

மாமாவுக்கு. உடம்பு தேறியது அறிந்து நிம்மதி.

அன்று உங்கள் கை நடுங்காததைப் பார்த்ததும் தண்ணீரை மாற்றிவிட்டீர்கள் என்று நினைத்தேன். நினைத்தும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன். என் காலைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது. அத்தை செய்ததைச் சரி என்று ஒரு செவிலி சொல்ல முடியாது. தப்பு என்று எழுதவும் கை வரவில்லை.

ஊர் கட்டிய கதையை நீங்கள் மறுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில்கூட இனி என் பாதத்தை வணங்க வேண்டாம்.

தொண்டரின் பதிவேட்டில் ஊரின் பிறப்பும் இறப்பும் இருக்கும். ரிட்டாகோட் பக்கத்தின் நகல் இங்கே வந்திருக்கிறது. அசார் மாதத்து இறப்பில் பெயர், வயது, வயிற்றுப்போக்கு என்று மட்டும் ஜுனேலி எழுதியிருக்கிறாள். குழுத் தலைவர் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. அது காலியாக இருக்கிறது. போய் எழுதுங்கள். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லித் தர மாட்டேன்.

துர்பதா


மங்சிர் 4

துர்பதாவுக்கு மாமன் லோக்ராஜ் எழுதுவது. நாங்கள் சுகம். நீயும் சுகமாக இரு.

முந்தாநாள் சரிவு இறங்கி ஜுனேலி வீட்டுக்குப் போனேன். அவள் புருஷன் தையல் இயந்திரத்தை நிறுத்தவில்லை. உட்காரச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்து பதிவேட்டைக் கேட்டேன். எடுத்துக் கொடுத்தாள்.

குழந்தையின் பெயர் பாதலி. இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

கட்டம் சின்னது. தோப்பில் மேற்சரிவு ஆண்கள் மலம் கழித்ததால் சுனை கெட்டது, அதில் நானும் ஒருவன், மருந்துப் பெட்டி தலைவர் வீட்டில் பூட்டிக் கிடந்தது என்று எழுதிக் கையொப்பம் போட்டேன். ஜுனேலி எழுத்துக் கூட்டி மெல்லப் படித்தாள்.

"தேதி இல்ல. எந்தத் தேதியிலேர்ந்து பூட்டிக் கெடந்துச்சு, அதப் போடுங்க."

அசார் பதினெட்டு என்று எழுதினேன்.

"அவ போனது இருபத்தொம்பது. பதினோரு நாள்."

விரல் மடக்கி எண்ணாமலே சொன்னாள். பதினோரு நாள் என்று எழுதினேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

பெட்டியைத் திருப்பிக் கொடு என்ற உன் கடிதம் எனக்குக் கிடைத்தது இருபத்தாறாம் தேதி மத்தியானம். ஜுனேலிக்கு அது தெரியாது, அவள் கேட்கவும் இல்லை. கட்டத்தில் இடம் இல்லாததால் அதை ஓரத்தில் எழுதினேன்.

லோக்ராஜ்